மூன்றாம் நம்பருக்கு அலங்காரம்

மூன்றாம் நம்பர் எஞ்சினுக்கு இரண்டு குறை உண்டு. ஒன்று, பின்பக்கத்து ஆயில் சீலில் இருந்து எண்ணெய் சொட்டும். இன்னொன்று, காலையில் குளிர்ந்து கிடக்கும்போது எழுப்பினால் லேசில் எழுந்திருக்காது. இருமும், கனைக்கும், வெள்ளைப் புகையாகக் கக்கும். அதை ஓட்டுகிற பெர்னார்டின் பொறுமையை முழுசாகத் தின்று தீர்த்த பிறகுதான் ஓடத் தொடங்கும். ஓடிவிட்டால் சாயங்காலம் வரைக்கும் முகம் சுளிக்காமல் உழைக்கும். இந்த மாதிரி நாலு மனிதர்கள் மாடி ஆபீசில் இருந்திருந்தால் அந்தக் கம்பெனி எப்போதோ உருப்பட்டிருக்கும்.

பட்டர்வொர்த்தில் கடலோரமாக இருக்கிற உரக் கம்பெனி அது. ஜெட்டியில் இருந்து கிடங்குக்கு, கிடங்கில் இருந்து மெயின் லைன் ஓரத்துக்கு என்று சொந்தமாகத் தண்டவாளம் போட்டு வைத்திருந்தார்கள். தண்டவாளம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கோப்பிக் கடைக்குப் போகிற தூரம்தான். அந்தத் தூரத்துக்குள்ளேயே முன்னும் பின்னும் வண்டிகளை இழுத்து, தள்ளி, கோத்து, பிரித்து ஒரு வாழ்நாளையே ஓட்டியிருந்தது ஜப்பானில் இருந்து வந்த அந்தக் குட்டி டீசல் எஞ்சின். ஒன்றாம் நம்பரும் இரண்டாம் நம்பரும் பெர்னார்ட் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே பழைய இரும்பாகிப் போய்விட்டன. இது மட்டும் எப்படியோ தப்பித்துக்கொண்டது.

பெரிய வெள்ளம் வந்த வருஷம் லோரிகள் எல்லாம் முழங்கால் தண்ணீரில் செத்துக் கிடக்க, மூன்றாம் நம்பர்தான் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய்க் கிடங்கில் மாட்டிக்கொண்டவர்களை ஏற்றி வந்தது. நடமாட்டக் கட்டுப்பாடு போட்டு ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோதும் அது ஓடியது. எண்ணெய் தருகிற செம்பனைக்கு உரம் வேண்டுமே, செம்பனைக்குக் கொரோனா வராதே. அந்த நாட்களில் சுற்றுவட்டாரத்தில் கேட்ட ஒரே சத்தம் இதன் ஹார்ன்தான் என்று பெர்னார்ட் வீட்டில் பெருமையடித்துக்கொள்வான். "சம்பளத்தைக் கூட்டினாங்களா?" என்று அமலம்மாள் கேட்பாள். மனைவி கேட்கிற கேள்வி எப்போதும் அந்த இடத்தில்தான் போய் நிற்கும். பெர்னார்ட் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டுவான்.

எஞ்சின் அறைக்குள் கண்ணாடிக்கு மேலே புனித அன்னம்மாள் படம். அது பெர்னார்ட் வைத்தது. அதற்குப் பக்கத்திலேயே மூன்று கோடு விபூதி. அது ராமதாஸ் பூசியது. ராமதாஸ் தரையில் நிற்கிறவன். தண்டவாளம் பிரிகிற இடத்தில் பாயிண்டை மாற்றுவது, வண்டிகளைக் கோப்பது, பிரிப்பது, கை காட்டுவது எல்லாம் அவன்தான். மேலே உட்கார்ந்திருக்கிற பெர்னார்டுக்கு வண்டி வரிசையின் வால் தெரியாது. ராமதாஸின் கைதான் அவனுக்குக் கண். கை மேலே போனால் நிறுத்து, பக்கவாட்டில் ஆடினால் வா, வட்டமடித்தால் போ. இத்தனை வருஷத்தில் அந்தக் கை ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை.

ஆயுத பூசை வந்துவிட்டால் ராமதாஸைப் பிடிக்க முடியாது. எஞ்சினைத் தேய்த்துக் குளிப்பாட்டி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வைப்பான். அதைச் செய்யாமல் அந்த எஞ்சினை ஒரு வருஷம்கூட அவன் விட்டதில்லை. கத்தோலிக்கனான பெர்னார்ட் தள்ளி நின்று சிரிப்பான். பிறகு சுண்டலில் பங்கு கேட்பான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் மண் விழுந்தது. இனிமேல் எல்லாம் லோரியில்தான் என்று மாடி ஆபீஸ் முடிவு செய்துவிட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தில் லோரி நிறுத்தப் போகிறார்களாம். எஞ்சினை யாராவது வாங்கினால் சரி. இல்லையென்றால் மாதக் கடைசியில் பெசி புரோக், அதாவது பழைய இரும்புக்குப் போடுவது. ராமதாஸுக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிற இடத்தில் வேலை உண்டு என்றார்கள். பெர்னார்டுக்கு அதுவும் இல்லை. முதுகு போன ஆள், மூட்டைக்கு ஆகமாட்டான். அவனுடைய லைசென்சோ அந்தக் கம்பெனித் தண்டவாளத்துக்கு மட்டும்தான் செல்லும், வெளியே அது வெறும் அட்டை.

"செபராங் ஜெயாவுல ஒரு கொண்டோவுல ஜாகா வேலைக்கு ஆள் எடுக்கிறாங்க அண்ணே. சொல்லி வைக்கவா?" என்றார் மேனேஜர், ஏதோ பெரிய உபகாரம் செய்கிற முகத்தோடு. அடுக்குமாடி வீடுகளின் கேட்டைத் திறந்து மூடுகிற காவல் வேலை. எஞ்சின் ஓட்டிய கையால் இனிமேல் பணக்காரர்களின் காருக்கு சல்யூட் அடிக்க வேண்டும். பெர்னார்ட், "பார்க்கலாம் சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான்.

அந்த நேரத்தில்தான் முகம்மது கனியிடமிருந்து போன் வந்தது. கெடா பக்கத்தில் கல்லுடைக்கிற குவாரி நடத்துகிறவர், வயதானவர். அவருடைய குவாரிக்கும் சின்னதாக ஒரு தண்டவாளம் உண்டு. மேனேஜர் நம்பர் கொடுத்தாராம்.

"தம்பி, நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன்," என்றார். "போன தடவை ஒருத்தன் புதுசா பெயிண்ட் அடிச்சு, பளபளன்னு ஒரு எஞ்சினைத் தலையில கட்டிட்டான். மூணே மாசத்துல மண்டையைப் போட்டுருச்சு. எனக்கு அழகு வேணாம்லா. குறை என்னன்னு சொல்லு. சொல்லிட்டா வாங்கலாமா வேணாமான்னு நான் பார்த்துக்கிறேன்."

பெர்னார்ட் இரண்டு குறையையும் சொன்னான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எண்ணெய் சொட்டுகிற இடத்துக்குக் கீழே பிஸ்கட் டின் வைத்திருப்பதைக்கூடச் சொன்னான்.

கனி சிரித்தார். "இது போதும். சீல் மாத்திக்கலாம், பேட்டரி மாத்திக்கலாம். நீ சொன்ன மாதிரியே இருந்தா எடுத்துக்கிறேன். அதோட, அந்த எஞ்சினைத் தெரிஞ்ச ஆளும் எனக்கு வேணும். நீயும் வந்துரு. தங்க வீடு தர்றேன்."

போனை வைத்ததும் பெர்னார்டுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் ராமதாஸ் கடையில் தாப்பாவ் கட்டி வாங்கிய மீ கோரெங் நூடுல்ஸோடு வந்து எதிரில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தான்.

"யாருண்ணே?"

"எஞ்சின் பார்க்க ஆள் வர்றாங்களாம். திங்கக்கிழமை."

"அப்ப பெசி புரோக்குக்குப் போகாதா? பொழைச்சுக்குமா?" ராமதாஸின் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க போகுதாம்? நம்மள என்ன சொன்னாங்க?"

அந்த இடத்தில் பெர்னார்ட் சொல்லியிருக்க வேண்டும். என்னை மட்டும் கூப்பிட்டிருக்கிறார், உன்னைப் பற்றிப் பேச்சே வரவில்லை என்று ஒரு வார்த்தை போதும். வாய் வரவில்லை. சாப்பாட்டைப் பாதியாகப் பிரித்துத் தன் பக்கம் நகர்த்துகிறவனிடம் எப்படிச் சொல்வது? எல்லாம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விழுங்கிவிட்டான். "ஒண்ணும் சொல்லலை. வந்து பார்க்கட்டும்," என்றான். அந்த ஒன்றை மறைக்கப் போய், கனி கேட்டதையும் தான் சொன்னதையும் சேர்த்தே மறைக்க வேண்டியதாயிற்று. மனசுக்குள் குறுகுறுத்தது. இருந்தாலும் மீ கோரெங் உள்ளே போனது.

சனி ஞாயிறு புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழா. பெர்னார்ட் அமலம்மாளைக் கூட்டிக்கொண்டு போய், கூட்டத்தில் இடிபட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, முட்டி போட்டு வேண்டிக்கொண்டான். தாயே, அந்த எஞ்சினை அவர் எடுத்துக்கொள்ள வேண்டும், என்னையும் அதோடு சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். அமலம்மாளுக்கு வேறு கவலை. கெடாவில் கோயில் பக்கத்தில் இருக்குமா, பாயான் பாருவில் ஃபேக்டரியில் இருக்கிற மகன் பிரையன் வாரா வாரம் வந்து போக முடியுமா என்று வீடு மாறியதாகவே வைத்துப் பேசிக்கொண்டு வந்தாள். ராமதாஸுக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றலாமா என்று பெர்னார்டுக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி.

பெர்னார்ட் தீவில் குடியிருந்து தினமும் கடல் தாண்டி வேலைக்கு வருகிறவன். திங்கட்கிழமை ஃபெரி காலை வாரிவிட்டது. ஒரு ஃபெரி பழுது என்று ஜார்ஜ் டவுன் ஜெட்டியில் மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டி நின்றன. அந்த வரிசையில் நின்று வியர்த்து, அக்கரை சேர்ந்து, பெர்னார்ட் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தபோது கனியின் கார் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது.

ஷெட்டைப் பார்த்ததும் அவனுக்குத் திக்கென்றது.

மூன்றாம் நம்பர் மஞ்சள் நிறத்தில் ஜொலித்தது. துரு இருந்த இடம், ஒட்டுப் போட்ட இடம், எண்ணெய் வழிந்து கறுத்த இடம் எதுவும் தெரியவில்லை. எல்லாம் புதுப் பெயிண்ட். முகப்பில் செவ்வந்தி மாலை, சந்தனம், குங்குமம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பெண் பார்க்க வருகிறார்கள் என்று பிள்ளையைச் சோடித்து நடுக்கூடத்தில் உட்கார வைத்ததைப் போல நின்றது. பக்கத்தில் நகக்கண்ணெல்லாம் மஞ்சள் பெயிண்டோடு ராமதாஸ், வாயெல்லாம் பல்.

"ரெண்டு நாளா வீட்டுக்கே போகலைண்ணே," என்று காதருகே வந்து கிசுகிசுத்தான். "சீலைத் துடைச்சு, சிலிக்கான் வச்சு அடைச்சு, மேல பெயிண்டும் அடிச்சுட்டேன். ஒரு சொட்டு வராது. லோரிக்காரன்கிட்ட புது பேட்டரி இரவல் வாங்கி மாட்டியிருக்கேன். காலையிலேயே ஓடவிட்டுச் சூடாக்கியும் வச்சாச்சு. தொட்டாப் போதும், எழுந்துக்கும்."

அதற்குள் கனி எஞ்சினை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டார். கதகதவென்றிருந்த எஞ்சின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"நீதானே பெர்னார்ட்? எழுப்பு."

பெர்னார்ட் ஏறினான். பொத்தானை அமுக்கினான். வாழ்நாளில் முதல்முறையாக மூன்றாம் நம்பர் ஒரே தட்டில் எழுந்தது. இருமலும் இல்லை, புகையும் இல்லை. கீழே ராமதாஸ் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

கனி குனிந்து அடியில் பார்த்தார். பிஸ்கட் டின்னையும் காணோம், எண்ணெயையும் காணோம்.

"எங்கே ஒழுகுது?"

"பின்பக்கம், பாய். கொஞ்ச நேரம் ஓடினா வரும்."

"சரி, ஓட்டு."

ஓட்டினான். ஜெட்டி வரைக்கும் போனான், திரும்பி வந்தான். மறுபடியும் போனான். இறங்கி வந்து, முதுகு வலியையும் மறந்து தண்டவாளத்தில் முட்டி போட்டு, தலையை அடியில் விட்டுப் பார்த்தான். ஒரு சொட்டு விழுந்தால் போதும். நேற்று அன்னம்மாளிடம் முட்டி போட்டதைவிட உருக்கமாக அந்த ஆயில் சீலிடம் வேண்டிக்கொண்டான். இத்தனை வருஷம் நிறுத்தப் பாடுபட்ட எண்ணெயை வா வா என்று கூப்பிட்டான். பெயிண்ட் சிரித்துக்கொண்டிருந்தது. ராமதாஸ் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவன் அல்ல.

"வரும் பாய். நாளைக்கு வந்து பாருங்க, நிச்சயமா ஒழுகும்," என்றான் எழுந்து. தன் வாயிலிருந்து வந்தது தனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"தம்பி, நீ ரெண்டு குறை சொன்னே. வந்து பார்த்தா ரெண்டையும் காணோம்." கனி கைக்குட்டையால் விரலில் ஒட்டிய பெயிண்டைத் துடைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "சொன்ன குறையையே இவ்வளவு அழகா மறைக்கத் தெரிஞ்சா, சொல்லாத குறை இன்னும் எத்தனை இருக்கோ?"

"ஐயோ பாய், நான் மறைக்கலை. எனக்குத் தெரியாது. இவன்தான், என் கூட்டாளி, நல்லா இருக்கட்டும்னு செஞ்சுட்டான். நீங்க என்ன கேட்டீங்கன்னு இவனுக்குத் தெரியாது."

"ஏன் தெரியாது? நீ சொல்லலையா?"

பெர்னார்ட் ராமதாஸைப் பார்த்தான். ராமதாஸின் கட்டைவிரல் இறங்கியிருந்தது.

"சொல்லலை."

"எத்தனை வருஷக் கூட்டாளி?"

பெர்னார்ட் முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான்.

"கூடவே இருக்கிறவன்கிட்டயே மறைச்சிருக்கே. போன்ல ஒரு தடவை பேசின என்கிட்டயா எல்லாத்தையும் சொல்லியிருப்பே?" என்றார் கனி. கேட்டுவிட்டு அவனுடைய தோளில் லேசாகத் தட்டினார். தட்டாமல் போயிருக்கலாம். கார் கேட்டைத் தாண்டி ரோட்டில் திரும்புகிறவரைக்கும் இரண்டு பேரும் அசையவில்லை. மூன்றாம் நம்பர் மட்டும் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது.

பெர்னார்ட் ஏறி அதை அணைத்தான். இறங்கி வந்து ராமதாஸுக்கு எதிரே நின்றான்.

"கெடுத்துட்டியேடா! இப்ப மனசு குளிர்ந்துச்சா?"

"அண்ணே, நான்..."

"என்னடா நான்? நான் மட்டும் போறேன்னு தெரிஞ்சுதானே இப்படிச் செஞ்சே? நீ மூட்டை தூக்கணும், நான் வண்டி ஓட்டணுமான்னு பொறாமை. வேணும்னே சோடிச்சு வச்சு என் பொழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டே!"

சொல்லச் சொல்ல அது பொய் என்று அவனுக்கே தெரிந்தது. இருந்தாலும் நிறுத்த முடியவில்லை. சரிவில் உருண்டுவிட்ட வண்டிக்கு பிரேக் பிடிக்காது.

ராமதாஸ் மாலையில் இருந்து உதிர்ந்த ஒரு செவ்வந்தியைக் காலால் ஒதுக்கினான். "தெரியும்ணே," என்றான். "போன வாரமே மேனேஜர் சொல்லிட்டாரு, கனி பாய் உங்களை மட்டும்தான் கேட்கிறாருன்னு. நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன். நீங்க சொல்லலை. சரி, சொல்லச் சங்கடப்படுறீங்கன்னு விட்டுட்டேன்." நகக்கண்ணில் ஒட்டிய பெயிண்டைச் சுரண்டினான். "எப்படியும் எனக்கு இங்க மூட்டையாவது இருக்கு. உங்களுக்கு அதுவும் இல்லையே. நீங்களாவது நல்லா இருக்கணும்னுதான்ணே ரெண்டு நாள் உக்காந்து பெயிண்ட் அடிச்சேன்."

அவன் போய் இரவல் பேட்டரியைக் கழற்ற ஆரம்பித்தான். பெர்னார்ட் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்வது அவனுக்குப் பழகிப்போய்விட்டது.

அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. கனி பாய் தைப்பிங் பக்கத்தில் வேறு ஒரு எஞ்சினை எடுத்துவிட்டாராம். மேனேஜர்தான் சொன்னார். அது துருப்பிடித்து, கண்ணாடி உடைந்து, பார்க்கவே பாவமாக இருந்ததாம். அதை ஓட்டியவனையும் கூடவே கூட்டிக்கொண்டு போனாராம். பெர்னார்ட் அடுத்த மாதத்தில் இருந்து ஜாகா வேலைக்குச் சரி என்று சொல்லிவிட்டான். கொண்டோவில் கொடுத்த நீலச் சட்டை தோளில் இறுக்கமாக இருந்தது. அமலம்மாள் தையலைப் பிரித்து விட்டாள்.

மாதக் கடைசியில் பெசி புரோக் ஆட்கள் கேஸ் சிலிண்டர்களோடு வந்து சேர்ந்தார்கள். ஷெட்டுக்குள் வைத்து அறுக்க முடியாது, கேட் பக்கம் கொண்டுவந்து நிறுத்து என்றார்கள். பெர்னார்டுதான் ஓட்ட வேண்டும். பழைய பேட்டரியில் மூன்றாம் நம்பர் பழையபடி இருமியது, கனைத்தது, புகையைக் கக்கியது, பிறகு ஓடியது. அந்த ஆட்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவர்களுக்கு எடைதான் கணக்கு.

ராமதாஸ் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்தான். யாரும் கூப்பிடவில்லை, அவனாகவே வந்தான். பாயிண்டை மாற்றினான். முன்னால் நடந்துகொண்டே கையை ஆட்டினான். பெர்னார்ட் அந்தக் கையைப் பார்த்து ஓட்டினான். கேட் அருகே கை மேலே போனது. நிறுத்தினான்.

இறங்கிப் பார்த்தபோது, ஷெட்டில் இருந்து கேட் வரைக்கும் தண்டவாளக் கட்டைகளின் மேல் கறுப்பாகச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விழுந்திருந்தது. சிலிக்கான் விட்டுப்போயிருந்தது. மஞ்சள் பெயிண்டின் மேல் வழிந்து, எங்கே ஒழுகுகிறது என்று குருடனுக்கும் தெரிகிற மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. ராமதாஸ் பழக்க தோஷத்தில் இடுப்பில் செருகியிருந்த துணியை உருவிக்கொண்டு, துடைக்கக் குனிந்தான்.

பெர்னார்ட் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"விடு, ராமு," என்றான். "ஒழுகட்டும்."